எது முதலில் போகும்

எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதில் எது முதலில் போகும் என்றுதான் அவர் பார்ப்பார்.

கோலசிலாங்கூரில் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை ஏழே முக்கால் மணிக்குக் கிடங்குச் சாவி வாங்க வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் நாற்காலியைப் பார்த்தார். மேசையைச் சுற்றி வந்து குனிந்து, அதன் பின்பக்க இடது காலைக் கட்டைவிரல் நகத்தால் இரண்டு முறை தட்டினார்.

“கிராணியம்மா, இதுதான் முதல்ல போவும். பின்னால சாயாதீங்க.”

கல்லூரியில் எல்லாருக்கும் நான் ‘மிஸ்’. அவருக்கு மட்டும், அலுவலக எழுத்தரைக் கிராணி என்று கூப்பிடும் தோட்டத்துப் பழக்கத்தில், ‘கிராணியம்மா’. மனது இளகியிருந்தால் ‘தங்கச்சி’. அன்று அவர் சொன்னதை நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். பதினோராவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பிட்டு வந்த அசதியில் மறந்துபோய்ச் சாய்ந்தேன். பின்பக்க இடது கால்தான். விழுந்த சத்தம் கேட்டு வந்தவர், என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, கிடங்கிலிருந்து வேறொரு நாற்காலி கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். ‘சொன்னேனே’ என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்லூரியின் திடலைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. புல் வெட்டுவார், வெள்ளைக்கோடு போடுவார், கோல் வலையின் கிழிசலைத் தைப்பார். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய கல்லூரி அது. மூன்று கட்டடங்கள், ஒரு கேண்டீன், ஒரு திடல். இன்று அந்தத் திடலில் கார்கள் நிற்கின்றன. காற்பந்து அணியும் இல்லை.

அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, உரக் கம்பெனிக்காரர்கள் கொடுத்த பச்சைத் தொப்பி. கல்லூரிக்கு வருவதற்கு முன், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டத்தின் எண்ணெய் ஆலையில் பதினெட்டு வருடம் எந்திரங்களுக்கு எண்ணெய் போட்டவர். எந்த பேரிங் அடுத்து உடையும் என்று காதால் கேட்டே சொல்வாராம். அந்த ஆலையைப் பற்றி அவர் என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார்.

“கன்வேயர் சங்கிலியில ஒரு கண்ணி தேஞ்சிருந்துச்சு. பாத்தேன். சாயங்காலம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். மத்தியானமே அறுந்துடுச்சு. எங்கூட வேலை செஞ்சவனுக்கு மூணு வெரலு.” தேநீரை ஆற்றிக் குடித்துவிட்டு, “அதுலேருந்து பாத்தா சொல்லிடுவேன்” என்றார்.

சொன்னார். ஜெராமில் ஒரு கல்யாண வீட்டில் பந்தல் கம்பியைப் பார்த்துச் சொன்னார். கல்லூரி முதல்வரின் காரைப் பார்த்துச் சொன்னார். ஆட்களைப் பார்த்தும் சொன்னார். கேண்டீன் நடத்திய அக்காவுக்கு அதுதான் பயம். அவர் உள்ளே வந்தாலே முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு கத்துவார்.

“அண்ணே, என்னை மட்டும் பாக்காதீங்க லா! எனக்கு எது போவும்னு எனக்கே தெரியும்.”

“ஒங்களுக்கு வாய் மட்டும் கடைசியிலதான் போவும் அக்கா.”

“ஐயோ, தோசை வேணுமா வேணாமா ஒங்களுக்கு?”

கேண்டீனே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அவர் என்னிடம், “ஒங்களுக்கு வலது மணிக்கட்டு” என்று சொன்ன பிறகு ஒரு வாரம் பேனா பிடிக்கும்போதெல்லாம் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டப் பருவம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது அவர் திடலோரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான்கு நாள், தினமும் பயிற்சி முடியும்வரை. ஐந்தாம் நாள் காலை, கோடு போட்ட தாள்களில் எழுதிக்கொண்டு என் மேசைக்கு வருவார். தலைப்பு ஒவ்வோர் ஆண்டும் ஒன்றுதான்: ‘இந்தப் பருவத்தின் முக்கிய ஆட்டக்காரர்கள்’. ஸ்கேல் வைத்து இழுத்த மூன்று கட்டங்கள். முதல் கட்டம் பலம். இரண்டாவது, முதலில் எது போகும். மூன்றாவது, என்ன செய்ய வேண்டும். நான் அதைத் தமிழிலும் மலாயிலும் டைப் செய்வேன். பயிற்சியாளருக்கு ஒரு பிரதி, அலுவலகத்துக்கு வெளியே அறிவிப்புப் பலகைக்கு ஒரு பிரதி.

கோல்காப்பாளர் ஹஃபிஸுக்கு ஓர் ஆண்டு இப்படி எழுதினார். பலம்: கை நீளம். முதலில் போவது: பொறுமை. செய்ய வேண்டியது: முதல் பத்து நிமிடம் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கவும். பிள்ளைகள் பலகைக்கு முன் கூடி நின்று ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். அந்த ஆண்டு முழுக்க, ஆட்டம் தொடங்கியதும் எல்லாரும் “ஹஃபிஸ்! ஹஃபிஸ்!” என்று கத்தினார்கள். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். கோல் வாங்குவதும் குறைந்தது. நடுத் தற்காப்பு ஆடிய கவினுக்கு இடது தொடை என்று எழுதியிருந்தார். பயிற்சியாளர் அவனைத் தினமும் கூடுதலாக ஐந்து நிமிடம் ஓடவிட்டார். தொடை ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தாள்களில் ஒரு பிழையைக்கூட நான் கண்டதில்லை, எழுத்திலும் சரி, சொன்னதிலும் சரி.

தினேஷ் மூன்றாவது ஆண்டு மாணவன். வீடு புக்கிட் பெலிம்பிங்கில். அப்பா இல்லை, அம்மா ஒரு தொழிற்சாலையில் வேலை. எங்கள் அணியில் மாநில இளையோர் அணித் தேர்வுக்கு அழைப்பு வந்த ஒரே ஆள் அவன்தான். தேர்வு, முதல் ஆட்டம் முடிந்த ஒன்பதாவது நாள். அந்த ஆண்டுத் தாளில் அவனுக்கு எழுதியிருந்தது: பலம், வேகம். முதலில் போவது, வலது முழங்கால், உள்பக்கம். செய்ய வேண்டியது, அறுபதாவது நிமிடத்தில் வெளியே எடுக்கவும். கெஞ்சினாலும் எடுக்கவும்.

எப்படியோ தெரிந்துகொண்டு, நான் டைப் செய்துகொண்டிருக்கும்போதே தினேஷ் வந்து நின்றான்.

“மிஸ், அந்த ஒரு லைன் மட்டும் எடுத்துடுங்க லா. ப்ளீஸ்.”

“எந்த லைன்?”

“என் முட்டி. செலெக்டர் யாராவது பார்த்தா, இவன் முட்டி ரோசாக், கெட்டுப்போச்சுன்னு ஒதுக்கிடுவான் மிஸ். அம்மாகிட்ட நான் சொல்லக்கூட இல்ல.”

“எழுதினவர் நான் இல்லப்பா. அவரக் கேட்டுச் சொல்றேன்.”

திடலுக்கு நடந்து போனேன். அவர் கோடு போடும் வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். கோட்டின் முனைக்குப் போய்ச் சேரும்வரை நிற்கவில்லை. பிறகு திரும்பினார்.

“எடுத்துட்டா முட்டி சரியாயிடுமா தங்கச்சி?”

“பையன் பயப்படுறான் அண்ணே.”

“பயப்படட்டும். காகிதத்துல இருந்தாத்தான் கோச் அவன வெளிய கூப்பிடுவாரு. அது இல்லன்னா, கோல் அடிக்கிறான், ஓடட்டும்னு விட்டுடுவாரு.”

அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. என்னிடம் தரப்படும் எதையும் நான் மாற்றி எழுதியதில்லை. வரியை எடுக்கவில்லை.

அன்று மாலை மாணவர் சங்கத்துப் பிள்ளைகள் வந்து, இந்த ஆண்டு அதை முகநூலிலும் போடலாம் என்றார்கள். போன் திரையில் ஒரே படமாக அடங்க வேண்டும் என்றார்கள். எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன், படிக்க முடியவில்லை. மூன்றாவது கட்டம் பயிற்சியாளருக்கான குறிப்புதானே, அவரிடம் ஏற்கெனவே பிரதி இருக்கிறதே என்று நினைத்து, அந்தக் கட்டத்தை முழுக்க நீக்கினேன். மீதி இரண்டும் அழகாக அடங்கின. ஒரு வரியை எடுக்க மறுத்த அதே நாளில் பதினொரு வரியை எடுத்தேன். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

முதல் ஆட்டம் எங்கள் திடலில். கெர்லிங் பக்கத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி அணி. சனிக்கிழமை, நாலரை மணி. தினேஷின் அம்மா வேலையிலிருந்து சீருடையோடு நேராக வந்திருந்தார். எட்டாவது நிமிடத்தில் தினேஷ் ஒரு கோல் போட்டான். அதற்குப் பிறகு எதிரணிப் பயிற்சியாளர் கோட்டருகே வந்து நின்றார். கையில் போன் இருந்தது. அதைப் பார்த்தார், திடலைப் பார்த்தார், கத்தினார்.

“கானான்! கானான்!”

வலது, வலது. பந்தைப் பற்றித்தான் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். ஆனால் பந்து இடது பக்கம் இருக்கும்போதும் அதையே கத்தினார். ஹஃபிஸைச் சுற்றி இரண்டு பேர் நின்று வசைபாடிக்கொண்டே இருந்தார்கள். கவினின் இடது தொடையில் ஒருவன் முட்டியால் இடித்துவிட்டுக் கையை விரித்துக் காட்டினான். தினேஷை இரண்டு முறை தட்டிவிட்டார்கள், இரண்டு முறையும் வலது பக்கத்திலிருந்து. முப்பத்தொன்றாவது நிமிடத்தில் மூன்றாவது முறை. அந்தச் சத்தம் எங்கள் பக்கம்வரை கேட்டது. பச்சைக் குச்சியை முறுக்கி ஒடிக்கும் சத்தம். தினேஷின் அம்மா எழுந்து நின்றார், ஆனால் ஓடவில்லை. என்ன ஆயிற்று என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மூலைக்கொடி அருகே நின்றிருந்த அண்ணன் என்னிடம் வந்தார்.

“அவனுங்களுக்கு எப்படித் தெரியும்?”

போனில் அந்த முகநூல் படத்தை எடுத்துக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பதினொரு பேரையும் படித்து முடித்தார்.

“மூணாவது கட்டம் எங்க?”

“எடம் பத்தல அண்ணே.”

போனைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது கட்டம் இல்லாமல் படித்தால் அது அடிக்க வேண்டிய இடங்களின் பட்டியல் என்பது, அவர் விரல் அதன்மீது நகர்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நான் நீக்கிய அந்தக் கட்டத்தைப் பற்றி அவர் பிறகு ஒருபோதும் என்னிடம் பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தினேஷுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மாநிலத் தேர்வு அவன் இல்லாமல் நடந்து முடிந்தது. ஊன்றுகோலை விடவே ஓராண்டுக்கு மேல் ஆகும், இனி ஆடக் கூடாது என்றார் மருத்துவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வாசலிலேயே சொன்னார்.

“அந்த அண்ணன் வாராவாரம் வர்றாரு மிஸ். தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கறாரு. ஒரு மணி நேரம் ஒக்காந்து முட்டியையே பாத்துட்டுப் போயிடுறாரு. போன வாரம் இவன்தான் கத்திட்டான்.”

“என்ன கத்தினான்?”

“‘அவனுங்க ஒங்க பேப்பரப் படிச்சானுங்க, ஜெயிச்சானுங்க அங்கிள். நம்ம ஆளுங்களும்தான் படிச்சாங்க, என்னா ஆச்சு?’ன்னு கேட்டான். அவரு எந்திரிச்சிப் போயிட்டாரு.”

அந்த வாரத்திலிருந்து அவர் சொல்வதை நிறுத்தினார். நிறுத்திவிட்டார் என்பது எங்களுக்கு உடனே தெரியவில்லை. கேண்டீன் அக்காகூட, “என்னா அண்ணே, இப்பல்லாம் நல்ல புள்ளையா இருக்கீங்க?” என்று கேலி செய்தார். ஒரு வியாழக்கிழமை காலை கேண்டீனின் மின்விசிறி கழன்று விழுந்தது. அது விழுந்த மேசையிலிருந்து அக்கா அப்போதுதான் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்திருந்தார். மேசையின் பலகை இரண்டாகப் பிளந்துவிட்டது. அக்கா அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். வாசலில் நின்ற அவரைத் தனியே கூப்பிட்டேன்.

“ஒங்களுக்குத் தெரியுமா அண்ணே?”

“தெரியும். ஒரு மாசமா.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“சொன்னது எங்க போய் நின்னுச்சுன்னு பாத்தீங்கல்ல.”

குரலில் கோபம் இல்லை. நேரம் சொல்வதுபோலச் சொன்னார். அன்று முதல் எனக்கு அவரோடு தனியாக நிற்கப் பயமாக இருந்தது. எதையெல்லாம் பார்த்து வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார் என்று யோசித்தபடி கட்டடத்துக்குள் நடப்பேன். கூரையைப் பார்ப்பேன், படிக்கட்டின் கைப்பிடியைத் தொடமாட்டேன்.

அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வாளி கிடங்கிலேயே கிடந்தது. எங்கள் பையன்கள் பயிற்சி செய்யும்போது அவர் திடலில் இல்லை. முதல் ஆட்டம் மறுபடியும் அதே கெர்லிங் பக்கத்து அணியோடு, எங்கள் திடலில்.

“இந்த வருஷம் தாள் இல்லையா அண்ணே?” என்று கேட்டேன்.

“நம்ம பசங்களுக்கா? வேணாம்.”

நான்கு நாள் மதியமே விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் மோட்டார் சைக்கிளில் போனார். பின்னால் தினேஷ் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் காலை என் மேசைக்கு வந்து தாள்களை வைத்தார். அதே கோடு போட்ட தாள், அதே தலைப்பு, அதே நேர்த்தியான கையெழுத்து. மூன்று கட்டங்களும் இருந்தன. பெயர்கள்தான் எனக்குத் தெரியாதவை. பெயர் தெரியாத இடத்தில் சட்டை எண் எழுதியிருந்தார்.

நான்காம் எண். பலம்: உயரம். முதலில் போவது: இடது கணுக்கால், பழைய அடி. செய்ய வேண்டியது: குதித்து இறங்கும்போது காலடியில் கால் வைக்கவும்.

ஒன்பதாம் எண். பலம்: இரண்டு காலாலும் அடிப்பான். முதலில் போவது: மூச்சு. இழுப்பு மருந்தைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் பைக்குள் வைத்திருக்கிறான். இருபதாவது நிமிடத்தில் ஒருமுறை குனிந்து நிற்பான். செய்ய வேண்டியது: அப்போது நெஞ்சில் ஓர் இடி போதும்.

தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

“இத நான் டைப் பண்ண மாட்டேன் அண்ணே.”

“வேணாம். தினேஷ் போட்டோ புடிச்சு டீம் குரூப்புல போட்டுட்டான்.”

“அப்புறம் எதுக்கு எங்கிட்ட கொண்டாந்தீங்க?”

“எப்பவும் ஒங்ககிட்டதானே கொண்டாருவேன்.”

“அந்தப் பையன் ஒங்களுக்கு என்னா பண்ணான்? போன வருஷம் அவன் அந்த டீம்ல இருந்தானானுகூடத் தெரியாது.”

“தெரியும். இல்ல. புதுப் பையன்.” தாள்களை ஓரம் சேர்த்துத் தட்டி நேராக்கினார். “நல்லா ஆடுறான் தங்கச்சி.”

பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் போனைக் காட்டிச் சிரித்தார். எதிரணியை ஆராய்வது எல்லாரும் செய்வதுதான், பையன்கள் விளையாட்டுக்குப் பேசிக்கொள்கிறார்கள், நான் பெரிதாக்குகிறேன் என்றார். வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு அந்தக் கல்லூரி அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். என்னைப்போலவே ஓர் அலுவலகப் பெண்தான் எடுத்தார். உங்கள் ஒன்பதாம் எண் ஆட்டக்காரருக்கு மூச்சு இழுப்பு இருக்கிறது, நாளை அவரை இறக்க வேண்டாம் என்று மலாயில் சொன்னேன். யார் பேசுவது என்று கேட்டார். என் பெயரையும் கல்லூரியின் பெயரையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். பிறகு, மலாயில் அக்காவைக் கூப்பிடுவதுபோல, “கக், எங்க பையனுக்கு உடம்புக்கு என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். தெரிந்த ஒருவர் பார்த்துச் சொன்னார் என்றேன். ஆட்டத்துக்கு முதல் நாள் எதிரணியிலிருந்து வந்து நல்ல ஆட்டக்காரனை உட்கார வைக்கச் சொன்னால் யார்தான் நம்புவார்கள்? சொல்லிவிடுகிறேன் என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை நாலரை மணிக்கு ஒன்பதாம் எண் திடலுக்குள் ஓடி வந்தான். பத்தொன்பது வயதுகூட இருக்காது. ஓடி வரும்போதே ஒரு சிறிய பையைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் எறிந்தான். நன்றாக ஆடினான். பதினான்காவது நிமிடத்தில் இடது காலால் அவன் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது எங்கள் பக்கத்துக் கூட்டமே “ஆ” என்றது.

அவர் மூலைக்கொடி அருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். தினேஷ் பக்கத்தில் ஊன்றுகோலோடு. என் கைக்கடிகாரம் நாலு நாற்பத்தொன்பது காட்டியபோது நான் கோட்டோரமாக நடந்து அவரிடம் போனேன். கடைசிச் சில அடிகள் ஓடினேன்.

“அண்ணே, போதும். பசங்களக் கூப்பிட்டு வேணாம்னு சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பானுங்க.”

அவர் திடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நடுவில் ஒன்பதாம் எண் ஓட்டத்தை நிறுத்தி, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றிக் குனிந்தான். முதுகு ஏறி ஏறி இறங்கியது.

“இனிமே நான் என்னா சொல்றது தங்கச்சி?” என்றார். “எல்லாரும் படிச்சிட்டானுங்க.”

ஹஃபிஸ் அடித்த பந்து உயரமாக எழுந்து அந்தப் பையனை நோக்கி இறங்கியது. கவினும் இன்னொருவனும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓடி வந்தார்கள். இருவரும் பந்தைப் பார்க்கவில்லை.